மருமகளுக்குத் தந்த வித்தை

ஜெங்ஜோ நகரம்
26 பிப்ரவரி 1996

பாவ்ஹே அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் உன் தைச்சி தற்காப்புக்கலைப் பள்ளியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். புத்தாண்டுக்கு நீ அனுப்பிய கிழங்கு வந்தது. பாதி உடைந்திருந்தது.

இன்னொருவர் வாயால் நீ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஐம்பத்தொரு வயதில், தைச்சி கற்க ஆரம்பித்திருக்கிறேன். கற்றுத்தருகிறவள் ஷுச்சின். ஆமாம், நீ விவாகரத்து செய்து அனுப்பிய அண்ணியேதான்.

ஆற்றங்கரைப் பூங்காவில், காலை ஆறு மணிக்கு. முதல் இரண்டு மாதம் ஒரு அசைவுகூடச் சொல்லித்தரவில்லை. மரத்தைக் கட்டிப் பிடிப்பதுபோல் கைகளை வளைத்து, முழங்காலை மடக்கி, சும்மா நிற்க வேண்டும். தொடை வெடவெடவென்று நடுங்கும். முனகினால், "உங்கப்பா என்னை மூணு மாசம் நிக்க வச்சாரு நாத்தனாரே, நில்லு" என்பாள்.

சிறுமியாக நான் முற்றத்தை எட்டிப் பார்த்தால் அப்பா கதவைச் சாத்துவார். கல்யாணம் ஆகிப் போகிறவளோடு வித்தையும் போய்விடும் என்பார். வீட்டுக்கு வந்த மருமகளுக்குத் தந்தார். எனக்கு அவரைவிட உன்மேல்தான் கோபம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தவன் நீ.

ஏப்ரலில் அப்பாவின் மூன்றாம் ஆண்டு நினைவுக்கு வருவேன். கல்லறை முன்னால் ஆண்கள் தைச்சி செய்துகாட்டுவதுபோல நானும் செய்வேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

ருய்லான்


9 மார்ச் 1996

ருய்லானுக்கு,

கிழங்கு உடைந்தது தபால்காரன் குற்றம். மற்றதெல்லாம் உன் குற்றம்.

அவள் முன் மண்டியிட்டுத் தேநீர் கொடுத்து முறைப்படி சீடராகவும் சேர்ந்துவிட்டாயாமே. புத்தி எங்கே போயிற்று? சீடர் என்றால் குருவுக்கு ஒரு தலைமுறை இளையவர். அவளும் நானும் அப்பாவிடம் கற்ற ஒரே தலைமுறை. இனி நீ எனக்குத் தங்கை வரிசை இல்லை, என் மாணவர்கள் வரிசை. பதினேழு வயதுப் பயல்கள் உன்னை "அக்கா" என்று கூப்பிடுவார்கள். அப்பாவின் மகள் தானாகப் போய் ஒரு படி இறங்கி நிற்கிறாள்.

நினைவு நாளுக்கு மகளாக வா. படையல் ரொட்டி கொண்டு வா, அழு, சாப்பிடு, போ. ஜப்பானிலிருந்து என் மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் தள்ளாடி அப்பா பெயரைக் கெடுக்காதே.

பாவ்ஹே


20 மார்ச் 1996

அண்ணா,

எந்த வரிசையில் நின்றாலும் உன்னை அண்ணா என்றுதான் எழுதுவேன். அதற்குமேல் மரியாதையை எதிர்பார்க்காதே.

ஜப்பான்காரர்கள் நம் வீட்டுக்கு வந்த மருமகள்களா? அவர்களுக்குத் தரலாம், எனக்குக் கூடாதா? வித்தை வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்று என்னை ஒதுக்கினீர்கள். கற்ற மருமகளைப் பெட்டியோடு வாசலில் நிறுத்தியவன் நீ. அவள் செய்த குற்றம் என்ன என்று இன்றுவரை நீ யாரிடமும் சொல்லவில்லை. அவளைக் கேட்டால், முதுகை நேராக்கு என்கிறாள்.

எனக்குத் தெரிந்தது பதினான்கு அசைவுகள். பதினான்கையும் செய்வேன். தடுப்பதானால் எல்லார் முன்னாலும் தடு.

ருய்லான்


28 ஏப்ரல் 1996

ருய்லானுக்கு,

சொன்னபடி செய்தாய். ஒற்றைக் காலில் நிற்கும் இடத்தில் தடுமாறி சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு நான் செய்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். நீ மட்டும் தட்டவில்லை. நான் திரும்பிய இடத்தில் என் வலது காலையே பார்த்தாய். ஆறு மாதம் பழகியவளுக்கு அது தெரிகிறது என்றால், அந்த இடத்தில் அவள் உன்னைத் தினமும் திருத்துகிறாள் என்று அர்த்தம்.

குற்றம் என்ன என்று கேட்டாயே, கேட்டுக்கொள். கடைசி இரண்டு வருடம் அப்பா அவளுக்கு மட்டும்தான் கற்றுத்தந்தார். என்னிடம், "நீ ஊருக்குக் காட்டப் பழகுறவன்டா. போதும், போ" என்றார். அவர் இறந்த பிறகு ஒருநாள், என் மாணவர்கள் எதிரிலேயே அவள் சொன்னாள்: "அந்தத் திருப்பத்துல கால் தப்புதுங்க." அன்றே அவள் பெட்டியை வெளியே வைத்தேன்.

அதன்பின் ஆயிரம் தடவை செய்து பார்த்துவிட்டேன். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. என்னிடம் முந்நூறு பேர் படிக்கிறார்கள். முந்நூறு பேரும் அதே தப்பைச் செய்கிறார்கள். அந்த இடத்தில் அவள் உன்னிடம் என்ன சொல்கிறாள்? இரண்டு வரி எழுது. அவளுக்குத் தெரிய வேண்டாம்.

பாவ்ஹே


10 மே 1996

அண்ணா,

இரண்டு வரி எதற்கு? ஒரு சொல் போதும். எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

உன் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். மடித்துத் திருப்பித் தந்தாள். "ரெண்டு நிமிஷம் லேட்டா வந்திருக்கே, போய் நில்லு" என்றாள்.

இனி உனக்கு எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ எல்லார் முன்னாலும் தப்பு செய்வதை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று நாற்பது வருடம் காத்திருந்தேன். நினைவு நாளன்று பார்த்தேன். சந்தோஷமே வரவில்லை. அப்பாவின் முன்னால் போய் இப்படிச் செய்கிறாயே என்று அழுகைதான் வந்தது. அந்தச் சந்தோஷத்தைக்கூட நீ எனக்கு விட்டுவைக்கவில்லை. மற்றதையெல்லாம் மன்னித்தாலும் அதை மன்னிக்க மாட்டேன்.

ருய்லான்