உங்கள் போனுக்கு இன்னும் ஆட்கள் வருகிறார்கள்

என் மாமாவுக்கு,

நேற்றுக் காலையும் ஒருவர் வந்தார். இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன், உங்கள் போன் கூப்பிட்டது. யாரோ உங்கள் ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அந்தப் போனை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. தினமும் சார்ஜ் போட்டு உங்கள் நாற்காலியிலேயே வைக்கிறேன்.

இப்படி அறிவிப்பு வந்தால் அடுப்படி வாசலில் வந்து நிற்பீர்களே! "அம்மணி, நம்ம ஊட்டுக்கு ஆளு வந்திருக்குது. காப்பி வெய்யி." வந்தவர் கொரியாவோ பிரேசிலோ, முகம்கூடத் தெரியாது. ஆனாலும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டுக்காரர் மாதிரி உங்களுக்கு ஒரு பூரிப்பு. ரெண்டு டம்ளர் வைப்பேன், அவர் பேரைச் சொல்லிக் குடிப்போம்.

எத்தனையோ கட்டுரை எழுதினீர்கள். வந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஒன்றுக்குத்தான் வந்தார்கள், சோமனூர் அக்காவின் கட்டுரைக்கு. மார்பில் கட்டி வந்த தறிக்காரம்மா அவர். "எனக்கு ஆகாட்டியும் நாலு பேத்துக்கு ஆகட்டுமுங்க" என்று சொல்லி, கட்டியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டார். அவருடைய செல்களை உங்கள் ஆய்வகத்தில் குடுவையில் வளர்த்தது நான். அவற்றில் ஒரு மரபணுவை அடக்கினால் புற்று பரவாமல் நிற்கிறது என்று கண்டு எழுதியது நீங்கள். உங்கள் பேருக்குக் கீழே என் பேரையும் போட்டீர்கள்.

மாமா, அவை அந்த அக்காவின் செல்களே இல்லை.

உங்கள் இடத்துக்கு வந்திருப்பவர் நாம் உறைய வைத்த குப்பிகளை எடுத்து அடையாளச் சோதனைக்கு அனுப்பினார். எல்லாவற்றிலும் இருப்பது பக்கத்துக் குடுவையில் வளர்த்தோமே, எல்லா ஆய்வகத்திலும் இருக்கிற அந்தப் பழைய புற்றுச் செல் வகைதான். அது படுவேகமாகப் பெருகும். ஒரே ஒரு செல் உள்ளே போனாலும் போதும், கொஞ்ச நாளில் மற்றதை இல்லாமல் ஆக்கிவிடும்.

எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். செல்களுக்கு ஊற்றும் சத்து நீர் தீர்ந்து, பார்சல் வராமல் தவித்த வாரம் அது. ஒவ்வொரு வகைக்கும் தனிப் பாட்டில் என்று சட்டம் போட்டதே நான்தான். அந்த வாரம் மட்டும் ஒரே பாட்டிலிலிருந்து ரெண்டுக்கும் ஊற்றினேன். நாலு நாள்தானே என்று பதிவேட்டிலும் எழுதாமல் விட்டுப்போட்டேன்.

புதியவர் நல்ல மனுஷன். என்னிடம் தனியாகத்தான் சொன்னார். "மேடம், அந்தக் கட்டுரையில உசுரோட இருக்கறது உங்க பேரு மட்டுந்தானுங்க. கட்டுரை தப்புன்னு இதழுக்கு எழுதறதுன்னா நீங்கதான் எழுதோணும்." இதற்கு நடுவில் கல்லூரியில் புதுக் கருத்தரங்க அறைக்கு உங்கள் பேர் வைக்கப்போகிறார்கள். அதுவும் இந்தக் கட்டுரைக்காக.

நம் மகள் அழுதுவிட்டாள். "உட்டுருங்கம்மா. அப்பா வந்து பதில் சொல்லவா போறாரு? அவரு பேரைக் கெடுத்துப்போடாதீங்க." பிறகு இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நானும் விட்டுவிடத்தான் இருந்தேன். அப்புறம்தான் உங்கள் நோட்டைப் புரட்டினேன். கட்டுரை அனுப்புவதற்கு முந்தைய வாரத்தில் உங்கள் கையெழுத்து: 'செல்கள் ஆரம்பத்தில் இருந்ததைவிட வேகமாக வளர்கின்றன. அம்மணியிடம் கேட்க வேண்டும்.'

ஏனுங்க, ஏன் கேட்கவில்லை? மறந்துவிட்டீர்களா? என் முகம் வாடிவிடும் என்று விட்டீர்களா? இல்லை, பதிலைக் கேட்கப் பயந்தீர்களா? நாற்காலியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போன்தான் பதில் சொல்கிறது, இன்னொருவர் வந்திருக்கிறார் என்று. வந்தவர்கள் அந்த முடிவை நம்பித் தங்கள் வருஷங்களைச் செலவழிக்கிறார்கள். நம் வீட்டில் சாப்பிட வந்தவருக்கு, ஊசிப்போன சோறு என்று தெரிந்த பிறகும் நான் எப்படிப் பரிமாறிக்கொண்டே இருப்பது? அந்த அக்கா கொடுத்ததையும் நான் தொலைத்துவிட்டேன். அது என்னைத் தூங்க விடவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இதழுக்கு எழுதிவிட்டேன். பாட்டிலைப் பற்றி, பதிவேட்டில் எழுதாததைப் பற்றி, எல்லாம் என் பேரில். உங்கள் நோட்டின் அந்த வரியைப் படமெடுத்து இணைத்தேன், எடுத்தேன், மறுபடி இணைத்தேன். நீங்கள் கவனித்தீர்கள் என்பதற்கும் அதுதான் சாட்சி, கேட்கவில்லை என்பதற்கும் அதுதான். உங்களை நல்லவராக்குவதற்காக இன்னொரு தடவை ஒன்றை எழுதாமல் விட என்னால் முடியாது. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

திரும்பப் பெற்ற அறிவிப்பும் உங்கள் போனுக்குத்தான் வரும். அன்றைக்கும் ரெண்டு டம்ளர் காபி வைப்பேன். உங்கள் டம்ளர் ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, நானே போனை அணைக்கிறேன்.

நீங்கள் கேட்காமல் விட்டதற்குப் பதில் சொல்லிவிட்ட,
உங்கள் அம்மணி