மாமாவின் நாக்கு

12-2-64, புதன்

மாமாவுக்கு இன்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஐம்பது வருஷக் கட்டடக் கான்ட்ராக்டர். கடலூரிலும் சிதம்பரத்திலும் அவர் கட்டடம் இல்லாத தெரு இல்லை என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். மேஸ்திரி தேம்பித் தேம்பி அழுதார். "ஒரு சிட்டிக மணல நாக்குல வெச்சுப் பாப்பாரும்மா. உப்பு இருந்தா கம்பி துருப்பிடிச்சுடும்னு லோட அப்படியே திருப்பிடுவாரு. கடைசி வரைக்கும் அவரு நாக்குதான் எங்களுக்குச் சட்டம்."

எனக்குத் திக்கென்றது. இரண்டு வருஷமாக மாமா ஒவ்வொரு வேளையும், "உப்பே இல்லியேம்மா" என்பார். நானும் எல்லாருக்குமான சமையலிலேயே அள்ளிப் போட்டேன். உங்கள் நாக்கு செத்துப்போச்சு மாமா என்று மருமகள் எப்படிச் சொல்வது? அந்த நாக்கை நம்பித்தான் போன வருஷம் சிதம்பரத்துப் பள்ளிக்கூடம் எழும்பியது.

இனித் தொழில் இவர் கையில். இரவு இவர் சாப்பிடும்போது சொல்லிவிட வாயெடுத்தேன். கைப்பழக்கத்தில் ரசத்துக்கு மாமாவின் அளவுக்கே உப்பு போட்டிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. "ரசம் உப்புக் கரிக்குதா?" என்றேன்.

"எப்பவும் போலத்தான இருக்கு," என்றார். "நாளைக்கு பரங்கிப்பேட்டை கடலோரத்துலேர்ந்து மணல் வருது. இனிமே நாந்தான் வாயில போட்டுப் பாக்கணும்."