நகத்தளவு ஏணி

ஜூன் 4
அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. நான் தூங்கிவிட்டதாக அண்ணன் நினைக்கிறான். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். மேசை விளக்கின் கீழ் அவனுடைய பொம்மைக் கப்பல் — பொம்மை என்றால் கோபம் வரும் — மாதிரிக் கப்பல். முழங்கை நீளம். அதன் ஏணி, கைப்பிடிக் கம்பியெல்லாம் மெல்லிய பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்தவை. விளக்குக்கு நேரே பிடித்தால் சரிகை மாதிரி இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, மடித்து, ஒட்ட வேண்டும்.

“இதை முடிச்சுட்டுத்தான் நிஜக் கப்பல்ல ஏறுவேன்” என்று அம்மாவிடம் சொன்னான். கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. அவன் போனால் ராத்திரியில் இந்த வீட்டில் நான் மட்டும்.

ஜூன் 7
கனவு. நான் அரிசி உயரம். கப்பல் தளத்தில் நடக்கிறேன், பசை வாசனை. கடல் மேசை விரிப்பு போலச் சுருங்கிச் சுருங்கி அசைகிறது. ஏணியில் அண்ணன் இறங்கிக்கொண்டே இருக்கிறான். படி தீரவே இல்லை.

ஜூன் 8
பக்கவாட்டு ஏணியை எடுத்துவிட்டேன். அது இல்லாமல் கப்பல் முடியாது. முடியாவிட்டால் அவன் போக மாட்டான் அல்லவா?

ஜூன் 10
அண்ணன் தரையில் படுத்து, டார்ச்சைத் தரையோடு தரையாக அடித்துத் தேடுகிறான். அப்போது தூசிக்குக்கூட நீள நிழல் விழும்.

“வெட்டும்போது எகிறிடுச்சு போல. நீ பாத்தியா எலி?” — அவனுக்கு நான் எலி.

“இல்லையே.”

“எறும்பு ஏதாவது மாடி வீடு கட்டுதான்னு பாருடா” என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணி என் ஜாமெட்ரி பாக்ஸில்.

ஜூன் 13
தட்டையாக இருந்தால் அது ஏணி மாதிரியே இல்லை. ஊசி முனையால் படிகளை ஒவ்வொன்றாக மடித்தேன். மடிப்புக்காக அரித்த கோடு உள்பக்கம் வர வேண்டும். திருப்பி மடித்தால் ஒடிந்துவிடும். அண்ணன் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. போர்வைக்குள் படிப்படியாக வெளிச்சம் ஏறியது.

ஜூன் 15
இன்னும் தேடுறான். கண்ணெல்லாம் செவந்துபோச்சு. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? — ஏணியை மேசைக்கு அடியில் போட்டுவிட்டேன்.

ஜூன் 16
“கிடைச்சிடுச்சு!” என்று கத்தினான். பிறகு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் இதை இன்னும் மடிக்கவே இல்லையே. கீழ விழுந்த ஏணி தானா மடிஞ்சுக்குமா?”

அழுதுட்டேன். போகாதண்ணா, ராத்திரி பயமா இருக்கு, நீ தண்ணிக்கு நடுவுல — எல்லாம் வந்துடுச்சு.

“முடிக்கலன்னாலும் போய்த்தான் ஆகணும் எலி” என்றான். தலையில் ஒரு குட்டு. “ஆனா படியெல்லாம் ஒரே மட்டமா இருக்குடி, திருடி. நீயே ஒட்டு.”

ஜூன் 21
போய்விட்டான். எல்லா விளக்கும் போட்டிருக்கிறேன்.

ஜூலை 30
அண்ணன் விட்டுப்போன சின்ன மாதிரிப் படகுப் பெட்டியைப் பிரித்துவிட்டேன். இன்றிரவு அவன் போன். ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் காற்று இரைந்தது.

“தனியா இருக்க பயமா இருக்கா எலி?”

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ட்வீசர் நுனியில் கொடிக்கம்பம், மயிரிழை அளவு. மூச்சு விட்டாலே பறந்துவிடும்.

“எலி? ஏய் எலி!” — கடலுக்கு நடுவிலிருந்து அவன்தான் பயந்துபோய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.