ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி பேசவில்லை, அக்கா

என் அன்பு ரெஜினா அக்காவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் மணி அடிப்பார்களா? இங்கே அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் காலத்து மணிகள் போதாதென்று புது ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் தண்ணீர் குடிக்க ஒரு மணி, சாப்பாட்டுக்கு முன் கை கழுவ ஒரு மணி, கழுவி முடித்துவிட்டோம் என்பதற்கு ஒரு மணி என்று வைத்திருக்கிறார். போன வாரம் என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விக்கல். தண்ணீர் மணி அடிக்கும்வரை காத்திருக்கவில்லை, பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டேன். அதற்கும் சிஸ்டரின் அறையில் போய் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

கோபப்படாதே பகவதி, பிரஷர் ஏறும் என்பீர்கள். பிரஷர் எனக்கு ஏறியது, போனது நீங்கள். ஜூனில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் பெரிய விடுமுறைக்கு ஊருக்குப் போனவர், உங்கள் அலமாரிச் சாவியைக்கூட யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கடற்கரைக் கோயில் கல்லறையில் உங்களை வைத்தபோது எல்லாரும் அழுதார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படியா ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போவது? அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஜூனில் மழையோடு பள்ளி திறந்தது. அதோடு புதுச் சட்டங்களும் வந்தன. வராந்தாவில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேதான் நடக்க வேண்டும். பிரார்த்தனையின்போது கண் திறந்தால் மானிட்டர் பெயர் சொல்வாள். (கண் திறந்ததை அவள் எப்படிப் பார்த்தாள் என்று யாரும் கேட்பதில்லை.) டைரியில் பெற்றோர் கையெழுத்து இல்லாவிட்டால் முதல் பீரியட் முழுக்க நிற்க வேண்டும். கேட்டுக்கு உள்ளே ஆங்கிலம் மட்டும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான், டீச்சர்களுக்கும் அப்படித்தான்.

மலையாள ஊர்தானே, டீச்சர்கள் ஸ்டாஃப் ரூமில் மலையாளத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். அது சிஸ்டரின் காதில் விழாது. நான் போனில் அம்மாவிடம் மாத்திரை சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்டால் மட்டும் விழுந்துவிடும். நீங்கள் இருந்தவரை நமக்கு ஜன்னலோரம் இரண்டு நாற்காலி இருந்தது. நாகர்கோவில் தமிழில் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள், இந்த ஊர் ஆரியசாலைத் தமிழில் நான் பதில் சொல்வேன். இப்போது காலையில் கேட்டுக்குள் நுழைந்தால் மாலையில் வெளியே வரும்வரை என் வாயில் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஓயாமல் பேசுகிறேன். உனக்கு என்ன ஆயிற்று என்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முத்துச்செல்வியை நினைவிருக்கிறதா? சாலைக் கடைத்தெரு ஓட்டலில் டீ போடுகிற செல்வத்தின் மகள். தென்காசிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து ஆரியசாலையில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு முன்னால் பழைய சிஸ்டரிடம் மல்லுக்கட்டி நீங்கள்தான் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தீர்கள். என் வகுப்பில்தானே இருக்கப்போகிறாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த அப்பாவிடம் சொன்னீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜூனில் அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தபோது உங்கள் நாற்காலியில் அஞ்சு மிஸ் இருந்தாள். இப்போதுதான் பயிற்சி முடித்து வந்த பெண். நல்லவள்தான், ஆனால் சிஸ்டரைக் கண்டால் மணி அடிக்காமலே எழுந்து நின்றுவிடுவாள். மலையாளமும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் சுத்தமாகத் தெரியாது.

முத்துச்செல்வி பேசவில்லை, அக்கா. ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று, ஒரு வார்த்தை இல்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள், மணி அடித்தால் எழுவாள், மஞ்சள் கோட்டை விட்டு ஒரு அடி விலக மாட்டாள். பெயர் கேட்டால் மட்டும் சும்மா நின்று பார்ப்பாள். ஒருநாள் வராந்தாவில் அவளைத் தனியாகப் பார்த்து, சாப்பிட்டியா மக்ளே என்று மெதுவாகக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். டீச்சரையே அடக்குகிறாளே என்று அஞ்சு மிஸ் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்டில் நடந்ததைக் கேளுங்கள். திங்கட்கிழமை அசெம்பிளியில் ஒன்றாம் வகுப்பின் ஒழுக்கமான பிள்ளை என்று முத்துச்செல்வியை மேடைக்குக் கூப்பிட்டு சிஸ்டர் தன் கையால் நட்சத்திர பேட்ஜ் குத்தினார். அதே வாரம் வியாழக்கிழமை, ஓரல் டெஸ்டில் வாயே திறக்கவில்லை என்று அதே பிள்ளையின் அப்பாவை வரச் சொல்லி ஆளிடம் சீட்டு அனுப்பினார்கள். பேட்ஜ் குத்திய கைதான் அதிலும் கையெழுத்துப் போட்டது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்? நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள், அப்புறம் எழுந்து நேரே சிஸ்டரின் அறைக்குப் போயிருப்பீர்கள்.

செல்வம் வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தார். மொழி புரியாது என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். சிஸ்டர் சொன்னதன் சாரம் இதுதான்: பிள்ளைக்குப் பேச்சில் ஏதோ குறை இருக்கிறது, டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், அதுவரை யு.கே.ஜி.யில் சின்னப் பிள்ளைகளோடு உட்காரட்டும். ஓணம் விடுமுறைக்குப் பிறகு மாற்றிவிடலாம்.

நான் தமிழில் சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"என்ன டீச்சர் சொல்லுதீய? வீட்ல அவ வாய மூட மாட்டா. அவ தூங்குனாத்தான் எங்களுக்கு மத்த சத்தமே கேக்கும்."

அதை சிஸ்டரிடம் சொன்னேன். எல்லாப் பெற்றோரும் இப்படித்தான் சொல்வார்கள் டீச்சரே, ஒத்துக்கொள்ள மனம் வராது என்றார். செல்வம் கைகூப்பிவிட்டுப் போனார். வாசலில் என்னிடம், ரெஜினா டீச்சர் இருந்தா இப்படி வந்திருக்குமா என்று கேட்டார்.

அன்று மாலை கேட் டியூட்டி எனக்கு. பிள்ளைகளெல்லாம் போன பிறகும் முத்துச்செல்வி அம்மாவுக்காகக் காத்து நின்றாள். கேட்டைத் தாண்டி, சாலையோரம், வாகை மர நிழலில். நான் வெளியே போய் அவள் பக்கத்தில் குனிந்து, ஏன் மக்ளே ஸ்கூல்ல யாருகிட்டயும் பேச மாட்டேங்கே என்று கேட்டேன். அவள் முதலில் திரும்பி கேட்டைப் பார்த்தாள். நாங்கள் வெளியேதான் நிற்கிறோம் என்று உறுதி செய்துகொண்டு வாயைத் திறந்தாள்.

"உள்ள இங்கிலீஷ்லதான் பேசணும்னு சொன்னாங்கள்லா டீச்சர். எனக்கு இன்னும் இங்கிலீஷ் வரல. வந்த பெறவு பேசுதேன்."

அவ்வளவுதான், அக்கா. இதுதான் பேச்சுக் குறை.

இதை யார் சொன்னது என்று கேட்டேன். முதல் நாளே அப்பா விசாரித்துச் சொன்னாராம். பள்ளிக்கூடத்துச் சட்டம் அது, மீறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள், ரெஜினா டீச்சர் கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த இடம் என்று. அப்புறம் அவள் நிறுத்தவில்லை. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை ரப்பரைத் தின்றது, பிரார்த்தனையில் மானிட்டர் விரலிடுக்கில் பார்ப்பது, அஞ்சு மிஸ் பீரியட் முடிந்ததும் பெருமூச்சு விடுவது, எல்லாம் வந்தது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். அவள் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போதும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனாள். நான் அங்கேயே நின்றேன். எவ்வளவு நாளாயிற்று, அந்த கேட் பக்கத்தில் நின்று ஒருவர் என்னிடம் தமிழில் வம்பு பேசி.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்னாலேயே சிஸ்டரின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் சங்கடத்தைச் சொன்னார். ஆங்கிலம் வரும் என்று நம்பித்தான் பெற்றோர்கள் இங்கே சேர்க்கிறார்களாம். ஒரு பிள்ளைக்காகத் தளர்த்தினால் நாளை மற்ற பெற்றோர்கள் வந்து நிற்பார்களாம். பிள்ளை பேசுகிறாள் என்பது சந்தோஷம்தான், ஆனால் டெஸ்டில் பேசவில்லையே என்றார்.

எனக்குப் பிரஷர் ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சிஸ்டர், நீங்க எழுதி வச்ச சட்டத்த இந்தப் பள்ளிக்கூடத்துல முழுசா அனுசரிக்கிறது ஒரே ஒருத்தி. நானும் மீறுறேன், ஸ்டாஃப் ரூமே மீறுது. அந்த ஒருத்தியத்தான் நீங்க கீழ் கிளாஸுக்கு அனுப்புறீங்க."

தமிழில் சொல்லிவிட்டேன், அக்கா. அவருடைய அறையில், அவர் முகத்துக்கு நேராக. சொன்ன பிறகுதான் உறைத்தது. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, புரிய வேண்டியது புரிந்துவிட்டது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு டெஸ்டை நானே எடுக்கிறேன் என்றார் மலையாளத்தில்.

மதியம் பிள்ளையைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். முத்துச்செல்வி கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கேட் பக்கம் பார்த்தேன். அப்புறம் அவர் எழுந்தார். பிள்ளையின் கையைப் பிடித்து வராந்தா வழியாக, மஞ்சள் கோட்டின் மேலேயே நடத்திக்கொண்டு போய், வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கச் சொன்னார். உச்சி வெயில். வாகை மரத்தடியில் போய் நின்று முழங்கால் வலியோடு குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"மோளே, பேரு எந்தா?"

முத்துச்செல்வி அவரைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள்.

"எந்தா இல்ல சிஸ்டர், என்ன. பேரு என்னன்னு கேக்கணும்."

வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிஸ்டர் ஒழுங்காகத் திருத்திக் கேட்டார். பெயரும் வந்தது, ஊரும் வந்தது, அப்பா போடுகிற டீயின் பெருமையும் வந்தது. ஸ்கூலில் கேட்டதில் என்னென்ன தெரியும் என்று நான் கேட்டதும் கண்ணை மூடிக் கைகூப்பி, அசெம்பிளியில் சொல்கிற பிரார்த்தனையை ஆங்கிலத்தில் தொடக்கத்திலிருந்து ஆமென் வரை சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. எல்லாரோடும் சேர்ந்து சொல்ல வேண்டியதுதானே என்றதற்கு, அர்த்தம் தெரியாமல் சாமியிடம் பேசினால் சாமிக்குக் கோபம் வரும் என்றாள்.

யு.கே.ஜி. இல்லை என்று ஆயிற்று. டாக்டரும் வேண்டாம். செல்வத்திடம் நானே ஓட்டலுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒரு டீ போட்டுக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது, ஆவியில் என்று சொன்னார்.

இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடிய விடுவார்களா? ஓணம் கழிந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும், கிறிஸ்துமஸ் வரை மட்டும், தாய்மொழியில் பேசலாம். அதுவும் தண்ணீர் மணியின்போது மட்டும். தண்ணீர் குடிக்கும்போது எப்படி அக்கா பேசுவது? போன வாரம் முத்துச்செல்வியின் டைரியில் அஞ்சு மிஸ் எழுதியிருக்கிறாள்: வகுப்பில் அதிகமாகப் பேசுகிறாள், வீட்டில் கண்டிக்கவும். அவள் அதை என்னிடம் கொண்டுவந்து, என்ன எழுதியிருக்கு டீச்சர் என்று கேட்கிறாள். நான் என்ன படித்துச் சொல்ல?

கடைசியாக ஒன்று. கல்லறைத் திருநாளுக்கு உங்களிடம் வர லீவு கேட்டேன். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் கல்லறைத் திருநாளுக்கு லீவு இல்லை, ஆபீஸில் கேட்டால் நெருங்கிய உறவினர் என்றால் மட்டும் பரிசீலிக்கலாம் என்கிறார்கள். உங்கள் ஜாதி வேறு, கோயில் வேறு, அவர் உங்களுக்கு என்ன உறவு டீச்சர் என்று அந்த கிளார்க் சிரித்துக்கொண்டே கேட்டான். பக்கத்து வகுப்பு டீச்சர் என்றா சொல்வது?

நாளைக்கு மனு கொடுக்கிறேன். இறந்தவர் என்ன உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதுவேன். சிஸ்டர் கையெழுத்துப் போட்டால் நல்லது. போடாவிட்டால் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், முதல் பஸ்ஸிலேயே நாகர்கோவில் வந்து, அங்கிருந்து உங்கள் கடற்கரைக் கோயிலுக்கு வந்துவிடுவேன். அடுத்த ஜூனில் முத்துச்செல்வி இரண்டாம் வகுப்புக்கு, என்னிடம் வருகிறாள். நீங்கள் அவள் அப்பாவிடம் சொன்ன வார்த்தையை இனி நான் காப்பேன். இதை உங்கள் கல்லறை முன்னாலும் வந்து சொல்கிறேன், தமிழில், சத்தமாக.

உங்கள் தங்கை,
பகவதி