மூக்கை நம்பியவர்கள்

ஆகஸ்ட் 6, செவ்வாய்
காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகிறது. காலையில் பால் பொங்கித் தீய்ந்து அடுப்பெல்லாம் கறுத்துவிட்டது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். புஷ்பா மொட்டைமாடியிலிருந்து ஓடி வந்தாள். "என்னங்க, மாடிப்படி வரைக்கும் நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"
படிப்பில் கவனம் போய்விட்டது என்றேன். அவள் போனபின் காபிப்பொடி டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். தும்மல்தான் வந்தது. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
கொண்டாப்பூர் பீர் விடுதியில் பேச்சு. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மதியம், பீரும் நம் ஊர்ச் சாப்பாடும். வெங்கட் அங்கேயே காய்ச்சும் பீர், அம்மணி சமைக்கும் பலகாரம், நடுவில் மைக்கோடு நான். ஐ.டி. வேலையை விட்டபிறகு மூன்று வருடமாக இதுதான் என் பிழைப்பு. 'ஜெயச்சந்திரன் மூக்கு' என்று ஊரில் ஒரு பேர்கூட உண்டு.
இன்று கோதுமை பீர். "கிளாஸை மூக்குக்குப் பக்கத்துல கொண்டு போங்க. முதல்ல வாழைப்பழம் வரும். பின்னாடியே கிராம்பு." எனக்கு எதுவும் வரவில்லை. போன வருடம் முகர்ந்ததை நினைவிலிருந்து சொன்னேன். நாற்பது பேரும் தலையாட்டினார்கள். முன்வரிசையில் லட்சுமணன் சார், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், ஒரு மாதம் தவறாதவர், கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா, கிராம்பு!" என்றார். கைதட்டல்.
இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்றுதான் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்
டாக்டர் நஸ்ரினைப் பார்த்தேன். காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறதாம். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கூட இருக்கிறவங்ககிட்ட உடனே சொல்லிடுங்க" என்றார்.
சொல்ல வேண்டும். புஷ்பாவிடமாவது. செப்டம்பர் பேச்சு முடியட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு
நேற்று பிள்ளையார் சதுர்த்தி என்பதால் இன்று சைவம். குழிப்பணியாரம், காரச் சட்னி, கறுப்பு பீர். நான் வறுத்த காபி வாசனை பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் ஹர்ஷிதா என்ற பெண் கை தூக்கினாள். "சார், எனக்கு வினிகர் மாதிரி வருது." நான் சிரித்தேன். "பழகாத மூக்கு அப்படித்தான் ஏமாத்தும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டாள்.
முடிந்ததும் வெங்கட் அந்தப் பீப்பாயை முகர்ந்து பார்த்தார். முழுக்கப் புளித்திருந்தது. "அண்ணா, நீங்க எப்படி இதைக் கவனிக்கலை?" சளி என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே பீப்பாயை மூடினார்.

செப்டம்பர் 30, திங்கள்
எலுமிச்சை இலை, கற்பூரம், பெருங்காயம். தினம் காலையில் முகர்ந்து பயிற்சி. பூஜ்யம்.

அக்டோபர் 13, ஞாயிறு
 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.
இன்றைய தலைப்பே இறால்தான். 'எங்க கடற்கரை இறால் தொக்கும் கோதுமை பீரும்' என்று இரண்டு வாரமாக விளம்பரம். பதினொரு மணிக்கு அம்மணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "சார், நேத்துலேர்ந்து ஃப்ரிட்ஜ் நின்னு போய் கெடக்கு. யாரும் பாக்கல. எனக்கு ஜலதோஷம், மூக்கே அடைச்சிருக்கு. நீங்க இந்த இறால ஒரு தடவ மோந்து பாருங்க. சரியில்லன்னா நக்கோ சார், வேணாம், கொட்டிடலாம். சுண்டல் போட்டுக் குடுத்துடறேன்."
பாத்திரத்தை முகத்தருகே பிடித்தாள். குனிந்தேன். மூச்சை இழுத்தேன்.
அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். அம்மணி, எனக்கு வாசனை தெரியாது. அவ்வளவுதான். வெங்கட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வினிகர் விஷயம் அவர் கண்ணில் அப்படியே இருந்தது.
"நல்லாத்தான் இருக்கு, செய்யுங்க" என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்
ஒன்பது பேர். விடியற்காலையிலிருந்து வாந்தி. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் தொக்கைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை? பேச்சு மும்முரமா, இல்லை உள்ளுக்குள் தெரியுமா?

அக்டோபர் 15, செவ்வாய்
லட்சுமணன் சார் ஐ.சி.யு.வில். சிறுநீரகம் பாதித்திருக்கிறதாம்.

அக்டோபர் 16, புதன்
விடுதி முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். அம்மணி நேராகச் சொன்னாள். "சார் மோந்து பாத்து சரின்னதுக்கு அப்புறம்தான் நான் அடுப்புல வச்சேன்." முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்படியா ஜெயச்சந்திரன்?"
"அவசரத்துல... ஏதோ கேட்டாங்க. இறாலைப் பத்தின்னு ஞாபகம் இல்லை."
இதைச் சொன்னது நான்தான். என் வாய்தான்.
அம்மணி ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 19, சனி
தூக்கமில்லை. புஷ்பா தொக்குப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் என்னவோ செய்கிறது.

அக்டோபர் 24, வியாழன்
லட்சுமணன் சாரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேட்டுப் போனேன். பாதி ஆளாகியிருந்தார். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், எவ்வளவு காலத்துக்கென்று யாருக்கும் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.
"நீங்க மனசைக் கஷ்டப்படுத்திக்காதீங்க. உங்க மேல என்ன தப்பு? அந்தப் பொம்பளைய ஜெயில்ல போடணும். எம் பையன் வக்கீலப் பாத்துட்டான்."
அவர் கைக்குள் என் கை. உருவிக்கொள்ளத் தெரியவில்லை. "சார், அந்தம்மா எங்கிட்ட காட்டினாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மூக்கு விஷயம், ஆகஸ்ட், டாக்டர், எல்லாம். அவர் மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 25, வெள்ளி
முதலாளிக்கும், உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகுதான் புஷ்பாவிடம் சொன்னேன். வரிசை தப்பு. அதுவும் தெரிகிறது இப்போது.
"மூணு மாசம் நான் சமைச்சதெல்லாம் பிரமாதம் பிரமாதம்னு தின்னீங்களே" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தம்மா முகத்துக்கு நேரா பொய் சொல்லிட்டு வந்து, எம் பக்கத்துலதான படுத்தீங்க?"

நவம்பர் 10, ஞாயிறு
இரண்டாம் ஞாயிறு. பேச்சு கிடையாது. இனி என்றைக்கும் கிடையாது என்று வெங்கட் செய்தி அனுப்பியிருக்கிறார். என்னை 'அண்ணா' என்று அழைக்கவில்லை, 'சார்' என்று போட்டிருந்தார்.
மௌலா அலிக்குப் போனேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அம்மணி வீடு. வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினாள்.
"ஹவ் சார், ஆமா, நீங்க எழுதிக் குடுத்தது தெரியும். மறுபடி வேலைக்கு வரச் சொல்லிக் கூப்டாங்க. நக்கோன்னுட்டேன்."
"ஏம்மா?"
"ஹப்சிகுடால லேடீஸ் ஹாஸ்டல்ல சமைக்கறேன். அங்க யாரும் சாப்பாட்டப் பத்திப் பேச மாட்டாங்க. சாப்டுவாங்க."
மன்னிப்புக் கேட்டேன். அவள் கதவைச் சாத்தப் போனாள். நான் கேட்டைத் தொட்டபோது பின்னாலிருந்து கேட்டாள். "இப்போ வாசன வருதா சார்?"
"இல்லம்மா."
"அப்போ வீட்ல கேஸ் கசிஞ்சா யாரு பாப்பாங்க?"

நவம்பர் 14, வியாழன்
அம்மணி கேட்டதைத் திங்கட்கிழமை புஷ்பாவிடம் சொல்லியிருந்தேன். இன்று ஒருவர் வந்து சமையலறைச் சுவரில் கேஸ் அலாரம் மாட்டிவிட்டுப் போனார். புஷ்பா சோதனைப் பொத்தானை அழுத்தினாள். வீடே அலறியது. சிவப்பு விளக்கைக் காட்டி, பேட்டரி எப்படி மாற்றுவது, சிலிண்டரை எந்தப் பக்கம் திருகி மூடுவது எல்லாவற்றையும் நிதானமாக, இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள்.
"எனக்கு எதுக்கு இதெல்லாம்? நீதான் இருக்கியே" என்றேன்.
அவள் உள்ளே போனாள். பரணிலிருந்து அவள் தன் துணிப்பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.