பெரிலின் பாய்லர் யார் பங்கில்?

கெட்டரிங்
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் ஹெய்டிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சூடான வீட்டில் இருக்கிறோம். அங்கே நீயும் டாரனும் குட்டி போப்பியும் அப்படியே இருக்க வேண்டும், பெர்த்தில் வெயில் கொளுத்துகிறது என்றாயே, குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் படி இறங்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகுவாள். சூடான வீடு என்று மேலே எழுதினேன் பார், அந்த இடத்திலேயே பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான்.

போன வாரம் நீ பேசும்போது பெரில் ஆன்ட்டி எப்படி இருக்கிறார், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரவே இல்லையே என்று கேட்டாய். நன்றாக இருக்கிறாள், மறந்திருப்பாள் என்றேன். அடுப்படியில் அம்மா கரண்டியைத் தொட்டிக்குள் டமார் என்று போட்டாளே, அது உனக்கும் கேட்டிருக்கும். நான் சொன்னது பொய் ஹெய்டி. நீ கேட்ட அன்று பெரில் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுத்திருந்தாள். அவளை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தது குளிர் மட்டும் இல்லை, உன் அப்பாவும்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் அம்மாவும் வேலை முடிந்து வரும்வரை உனக்கு ரொட்டி வாட்டிக் கொடுத்து, தலை பின்னி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுக்கு நான் செய்ததை உனக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, இப்போதும் வரவில்லை.

நம் பழைய நகரசபை வாடகை வீடு உனக்கு நினைவிருக்கும். குழாய் ஒழுகினால் ஒரு போன், ஆள் வருவான், நாம் தேநீர் போட்டுக் கொடுப்போம், அவ்வளவுதான் நம் வேலை. ஆயுசு முழுக்க நான் ஒரு ஸ்பேனரைக் கையில் தொட்டதில்லை, அதில் ஒரு பெருமை வேறு. பிறகு நாமும் பெரிலும் ஒரே சமயத்தில் இந்தக் கட்டடத்தில் பங்கு வீடு வாங்கினோம், மேலே நாம், கீழே அவள். வீட்டு மதிப்பில் ஒரு பங்கு நம்முடையது, மிச்சப் பங்கு வீட்டுவசதிச் சங்கத்தினுடையது, அதற்கு நாம் வாடகை கட்ட வேண்டும். குடி வந்த அன்றே நான் சாவியைச் சுழற்றிக்கொண்டு பெரிலிடம் சட்டம் பேசினேன். பெரிய பங்கு அவங்களோடது, அதனால ரிப்பேர்லயும் பெரிய பங்கு அவங்களோடதுதான் என்றேன். அவள் சிரித்துவிட்டு, அப்போ என் பாய்லர் யார் பங்குல இருக்கு நெவில் என்று கேட்டாள். அவங்க பங்குலதான், கதவு மட்டும் உங்க பங்கு, மூடிக்கிட்டு நிம்மதியா இருங்க என்றேன். அன்று அது வேடிக்கைப் பேச்சுதான். சொல்லிச் சொல்லி நானே அதைச் சட்டமாக நம்பிவிட்டேன்.

பஸ் டிப்போவில் நான் யூனியன் ஆளாக இருந்தவன் இல்லையா, நமக்கு இல்லாத வேலையில் ஒரு தடவை கை வைத்தால் அது காலத்துக்கும் நம் தலையில் விழும் என்பது எனக்கு வேதவாக்கு. அந்த வேதத்தை இந்தக் கட்டடத்துக்கும் கொண்டுவந்தேன். யாருக்கு எது கெட்டாலும் நெவிலைக் கேளுங்கள் என்று ஆகிப்போயிற்று, எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. நவம்பரில் முதல் உறைபனி விழுந்த வாரம் பெரிலின் பாய்லர் நின்றது. வெந்நீர் இல்லை, அறைகளிலும் சூடு இல்லை. அவள் புத்திசாலித்தனமாக ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தாள். நான்தான் போய், கை வைக்காதீங்க பெரில், நீங்க சரி பண்ணிட்டா அது உங்க பொறுப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லுங்க, நான் பார்த்துக்கிறேன் என்றேன். அவளும் சொல்லிவிட்டாள்.

சங்கத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகவே சொன்னாள், சார், அது வீட்டுக்கு உள்ளே இருக்கு, அதனால அவங்கதான் பார்த்துக்கணும். நான் விடுவேனா, பிடித்த முயலுக்கு மூன்றே கால். முதல்ல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க, அழுத்திப் பிடிச்சா வழிக்கு வருவாங்க என்று பெரிலிடம் வந்து அளந்தேன். அவளுக்கு ஒரு சின்ன மின்சார ஹீட்டரைக் கொண்டுபோய் வைத்தேன், அது கால் விரலைச் சுடும், முதுகைத் தொடாது. அவள் வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பேசினால் வாயிலிருந்து புகை வரும். எனக்காக எவ்வளவு அலையறீங்க நெவில் என்று எனக்கே நன்றி சொல்லித் தேநீர் கொடுப்பாள். அம்மா என்னிடம், ஏன்யா, ஒரு ஆளைக் கூப்பிட்டு அதைச் சரி பண்ணிட்டு அப்புறம் உன் நியாயத்தைப் பேசேன் என்றாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன்.

இனிதான் சொல்லக் கூசுகிற பகுதி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சங்கத்திலிருந்து ஒரு அம்மாள் சர்ச் ஹாலுக்கு வந்து எங்கள் கட்டடத்துக்காரர்களிடம் பேசினார். முழங்கால் வலியால் அம்மா வரவில்லை, பெரில் இருமலால் வரவில்லை. நான் எழுந்து நின்று, கையைக் கோட்டில் மாட்டிக்கொண்டு, டிப்போவில் பேசுகிற மாதிரி பேசினேன். அந்த அம்மாள் முழுதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார், கூரை, வெளிச்சுவர், மாடிப்படி, எல்லார் வீட்டுக்கும் பொதுவா ஓடற குழாய், இதெல்லாம் நாங்க செய்வோம், அதுக்கான செலவையும் உங்க எல்லார்கிட்டயும்தான் பிரிச்சு வாங்குவோம். உங்க வீட்டுக்குள்ள இருக்கறது நீங்க கால் பங்கு வாங்கியிருந்தாலும் முழுக்க உங்க பொறுப்பு, பத்திரத்திலேயே இருக்கு, கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

திரும்பி வரும்போது பெரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். என்ன சொன்னாங்க நெவில் என்று கேட்டாள். தப்பு என்னோடது பெரில், நாளைக்கே ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பேசிட்டிருக்காங்க, நல்லபடியா முடியும் என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். பண்டிகை முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்தேன். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொம்பளையைக் குளிரில் உட்கார வைத்தேன் ஹெய்டி, சுற்றி வளைத்து எழுதுவானேன்.

கிறிஸ்துமஸ் அன்று பெரில் நம் வீட்டில்தான் சாப்பிட்டாள். கோட்டைக் கழற்றவே இல்லை, உடம்பில் ஏறிய குளிர் இறங்க நேரமாகும் என்றாள். வான்கோழியைத் தட்டில் அங்கேயும் இங்கேயும் தள்ளினாள். என்னோடு சேர்ந்து பண்டிகைப் பட்டாசுக் குழலை ஆளுக்கொரு முனையாக இழுத்தாள், அதிலிருந்து வந்த காகிதக் கிரீடத்தை வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. ராத்திரி இங்கேயே படு என்று அம்மா கெஞ்சினாள். பரவாயில்லை க்ளெண்டா, பழகிடுச்சு என்று கீழே போய்விட்டாள். பண்டிகை கழிந்து அவள் தங்கை ஜாய்ஸ் லிங்கனிலிருந்து பார்க்க வந்தபோது பெரிலுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, உடம்பு கொதித்தது. ஆம்புலன்ஸ் வந்தது.

அன்று ராத்திரியே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். விடிந்ததும் அவள் ஜாய்ஸிடம் சாவி வாங்கி மெக்கானிக்கை வரவழைத்தாள், நான் டார்ச் பிடித்தேன். ஏதோ ஒரு சின்ன பாகம் போயிருந்தது, மாற்றினான், ஒரு மத்தியானத்தில் வீடு முழுக்க வெதுவெதுப்பு. யார் செலவு என்று கேட்காதே, அது ஒன்றுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. கட்டடத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க, மனசுல வெச்சுக்காதீங்க நெவில் என்கிறார்கள். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, வைய மாட்டார்கள், தேநீர் கொடுப்பார்கள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று ஏங்கிப்போனேன்.

வியாழக்கிழமை பெரில் வீடு திரும்பினாள். அம்மா என் கையில் கேக்கைக் கொடுத்து, இதை மட்டும் கொடுத்துட்டு உண்மையைச் சொல்லாம வந்தே, உள்ளே விடமாட்டேன் என்றாள். ஜாய்ஸ்தான் கதவைத் திறந்தாள். வாங்க வக்கீல் ஐயா, இந்தக் கேக்கு யார் பங்கு, சங்கத்தோடதா உங்களோடதா என்றாள். அதைக் கேட்டதும் சுமை கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. பெரில் பாதியாக இளைத்து நாற்காலியில் இருந்தாள். நான் உட்காராமல் எல்லாம் சொன்னேன், ஹாலில் நடந்ததையும், வாசலில் நான் சொன்ன பொய்யையும். அவள் போர்வையைச் சரிசெய்துகொண்டு, தெரியும் நெவில், மறுநாள் காலையிலேயே மாடி வீட்டு கீத் வந்து சொல்லிட்டார் என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தெரிஞ்சுமா ஆளைக் கூப்பிடலை என்றேன். எப்படிக் கூப்பிடுவேன், உங்களை மீறிக் கூப்பிட்டா நீங்க ஒரு மாதிரி ஆயிடுவீங்களேன்னு இருந்துச்சு, நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்துட்டிருந்தேன் என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கிறிஸ்துமஸ் மேஜையில் அந்தக் காகிதக் கிரீடத்தோடு என் எதிரே உட்கார்ந்திருந்தாளே, அப்போதும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஜாய்ஸ் எழுந்து, ரெண்டு பேருக்கும் மரியாதை தலைக்கேறிப் போச்சு, ஒரு உசுரு போயிருக்கும் என்று கத்தினாள். நான் அழுதேன், உன் பாட்டனார் செத்தபோது கூட நீ பார்க்காத அழுகை அது.

வசந்தம் வந்ததும் தன்னோடு லிங்கனுக்கு வந்துவிடு என்கிறாள் ஜாய்ஸ், பெரில் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது படுக்கையறை ஜன்னல் சரியாக மூடவில்லை, இது யாரோடது நெவில் என்று என்னையே கேட்டாள், பழக்கதோஷம். தெரியாது பெரில் என்றேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் சொல்லி அம்மா கூடக் கேட்டதில்லை. கடைக்குப் போய் ஒரு திருப்புளி வாங்கி வந்து முடுக்கினேன், கட்டைவிரலில் காயம். சட்டப்படி அது யாருடைய ஜன்னல் என்று சங்கத்தில் பிறகு கேட்டுக்கொள்கிறேன், இப்போதைக்குக் காற்று வரவில்லை.

உங்கள் மேல்வீட்டுத் தண்ணீர் போப்பி தூங்கும் அறைக் கூரையில் கறையாக இறங்குகிறது என்றாயே, கட்டடத்துக்காரர்கள் பார்க்கட்டும், நீ தொடாதே என்று நான்தான் அக்டோபரில் சொன்னேன். அதைக் கேட்காதே மகளே. இன்றைக்கே குழந்தையின் கட்டிலை வேறு அறைக்கு மாற்று, ஆளைக் கூப்பிட்டு ஒழுகலை நிறுத்து, யார் பொறுப்பு என்கிற சண்டையை அப்புறம் சாவகாசமாகப் போடு. என் மேல் கோபம் இருந்தால் அடக்கி வைக்காமல் எழுது, ஞாயிற்றுக்கிழமை என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவோடு மட்டும் பேசு, நான் வெளியே நடந்துவிட்டு வருகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நல்ல கூரையின் கீழ் நெடுநாள் இருக்க வேண்டும். போப்பிக்குத் தாத்தாவின் முத்தம். மறக்காமல் பெரில் ஆன்ட்டிக்குப் போன் செய். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பரவாயில்லை கண்ணு, நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லுவாள். அதோடு விட்டுவிடாதே. வீடு சூடாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை கேள்.

தலைகுனிவோடும் அன்போடும்,
உன் அப்பா
நெவில்