வாசற்படியில் கரிக்கோடுகள்

பிரிக்பீல்ட்ஸ்,
6.1.1927

அஞ்சலையின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கிள்ளானில் நீங்கள் வைத்துக்கொண்ட இன்னொரு வீட்டில் எல்லோரும் சுகமா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் இங்கே வெள்ளம் வந்த அன்று காலை அஞ்சலை வாசற்படியில் தண்ணீர் தொட்ட இடத்திலெல்லாம் கரியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று நீங்கள் சொன்ன பிறகு, அடுப்பங்கரையில் நான் சொல்லிக்கொடுத்த கணக்குதான் அவளுக்குத் தெரியும். கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று விரலால் அளந்தாள். பிறகு, "மத்தியானத்துக்குள்ள தண்ணி வீட்டுக்குள்ள வந்துரும்மா, எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்லு" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி அண்ணன் சிரித்தார். "பத்து வயசுப் புள்ள சொல்லுதுன்னு வீட்ட விட்டுப் போறதா?"

அவள் கோடுகளைக் காட்டி விளக்கியதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வரிசையிலிருந்த எட்டு வீட்டுக்காரர்களும் மேட்டிலிருந்த கோயிலுக்கு ஏறினோம். மாலையில் எங்கள் கூரைகள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது கூட்டலும் கழித்தலும்தான். வரப்போவதைக் கணக்கால் பார்க்க அவளுக்கு எப்படித் தெரிந்தது? தூங்கும்போதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் வடிந்து எல்லோரும் வீடு திரும்பிவிட்டோம். இப்போது எட்டு வீட்டுப் பிள்ளைகளும் காலையில் சிலேட்டோடு வருகிறார்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அவள் சொல்லிக்கொடுக்கிறாள். நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

அவளைப் பெற்றவள்